வீட்டு ரொட்டியும் வெண்மையின் விலையும்

உணவின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அரசர்தம் விருந்துகளையே முதற்கண் நினைப்பர். ஆனால் மக்களின் வாழ்வையும் சாவையும் தீர்மானித்தவை விருந்துப் பண்டங்கள் அல்ல. நாள்தோறும் அடுப்பேறிய எளிய உணவுகளே. சோறும் ரொட்டியும் அத்தகையன. வீட்டு அடுப்பில் சுடப்படும் சாதாரண வெள்ளை ரொட்டிக்குள் ஒரு நீண்ட வரலாறு அடங்கியிருப்பதையும், அவ்வரலாற்றின் முக்கியமான ஓர் ஏடு நம் மலாயா மண்ணிலேயே எழுதப்பட்டதையும் பலர் அறியார். அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வெண்மைக்கு ஏற்பட்ட மதிப்பு

ஐரோப்பிய நாடுகளில் பன்னூறு ஆண்டுகளாக ரொட்டியின் நிறம் அதனை உண்பவரின் நிலையைக் காட்டி வந்தது. நன்கு சலித்த கோதுமை மாவில் செய்த வெண்ணிற ரொட்டி செல்வர் மேசைக்குச் சென்றது. தவிடு கலந்த மாவிலும், வாற்கோதுமை, ரை போன்ற தானியங்களிலும் செய்த கருநிற ரொட்டி உழைப்பாளரின் உணவாயிற்று. இங்கிலாந்தில் 1266ஆம் ஆண்டோடு தொடர்புபடுத்தப்படும் ரொட்டிச் சட்டம், கோதுமையின் விலைக்கேற்ப ரொட்டியின் எடை எவ்வளவு இருத்தல் வேண்டும் என்று வரையறுத்தது. ஒரே காசுக்கு வாங்கினாலும் வெள்ளை ரொட்டி எடையிற் குறைந்தும், பழுப்பு ரொட்டி எடையில் மிகுந்தும் இருந்தன. இலண்டன் மாநகரில் வெள்ளை ரொட்டி சுடுவோர்க்கும் பழுப்பு ரொட்டி சுடுவோர்க்கும் தனித்தனிச் சங்கங்கள் இருந்தமை, இவ்வேறுபாடு எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதைக் காட்டும்.

இம்மதிப்புக்குக் காரணம் சுவை மட்டும் அன்று. கல் திரிகையில் அரைத்த மாவைத் துணியாற் சலித்து வெண்மையாக்குதற்கு உழைப்பு மிகுதியாகத் தேவைப்பட்டது. சலித்தபின் கழிவாக ஒதுங்கிய தவிடும் பொருள் இழப்பே. ஆகவே வெண்மை அரிதாயிற்று. அரிதாகியதனாற் பெருமையும் ஆயிற்று. வெள்ளை ரொட்டியை உண்ண வேண்டும் என்னும் ஏழையின் விருப்பத்தை வெறும் ஆடம்பரம் எனத் தள்ளிவிடுதல் பொருந்தாது. தானும் மதிக்கத்தக்க மனிதன் என்னும் உணர்வே அவ்விருப்பத்தின் உள்ளே இருந்தது. இதனை நாம் நினைவில் இருத்துதல் வேண்டும். பின்னர் வரும் செய்திகளுக்கு இதுவே திறவுகோல்.

உருளை ஆலைகளின் வருகை

கோதுமை மணியில் மூன்று பகுதிகள் உண்டு. வெளியே தவிடு, அடியில் சிறு முளைக்கரு, நடுவே வெண்ணிற மாவுப் பகுதி. மணியின் எடையில் ஐந்தில் நான்கு பங்குக்கும் சற்று மிகுதியாக இவ்வெண்பகுதி அமைந்துள்ளது. முளைக்கருவோ நூற்றில் இரண்டு மூன்று பங்கே. கல் திரிகை மூன்றையும் சேர்த்து நசுக்கியது. முளைக்கருவில் உள்ள எண்ணெய் மாவோடு கலந்தமையால் அம்மாவு நெடுநாள் இருப்பின் காறல் ஏறிக் கெட்டது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நிலை மாறியது. எதிரெதிராகச் சுழலும் உருளைகளுக்கிடையே மணியைச் செலுத்திப் படிப்படியாகப் பிளக்கும் முறை அங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகர ஆலைகளில் சிறப்புற்று வளர்ந்தது. பின்னர் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகருக்கும் பிரிட்டனுக்கும் பரவியது. உருளைகள் முளைக்கருவை நசுக்கித் தட்டையாக்கின. தவிட்டைப் பெருந்துண்டுகளாகப் பிரித்தன. இரண்டையும் சல்லடை எளிதில் ஒதுக்கிற்று. எஞ்சியது தூய வெண்மாவு. அது மலிவாகக் கிடைத்தது. பல மாதங்கள் கெடாதிருந்தது. கப்பலேறிக் கடல் கடந்தது.

பிரபுவின் ரொட்டி ஏழையின் வீட்டுக்கும் வந்துவிட்டது. அக்கால மக்கள் இதனை ஒரு வெற்றியாகவே கருதினர். அவ்வாறு கருதியதில் தவறு காண்பதற்கில்லை. ஆனால் ஒதுக்கப்பட்ட தவிட்டோடும் முளைக்கருவோடும் உயிர்காக்கும் சத்துகளிற் பெரும்பகுதியும் ஒதுங்கிப் போயின என்பதை அன்று எவரும் அறிந்திலர். 'வைட்டமின்' என்னும் சொல்லுக்கு மூலமான பெயரைக் காசிமிர் ஃபங்க் என்னும் அறிஞர் வழங்கியதே 1912ஆம் ஆண்டில்தான்.

அடுப்படியில் நிகழ்வது

வெள்ளை மாவு இல்லத்தரசியரைக் கவர்ந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. ரொட்டி செய்தற்கு அது மிக இணக்கமானது. கோதுமை மாவில் நீர் சேர்த்துப் பிசையும்போது அதிலுள்ள புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்து, இழுத்தால் நீளும் வலை போன்ற பசையாகின்றன. இதனைக் குளூட்டன் என்பர். ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் மாவிலுள்ள சர்க்கரையை உண்டு கரியமில வாயுவை வெளியிடுகின்றது. அவ்வாயு குளூட்டன் வலையில் அகப்பட்டு மாவை உப்பச் செய்கின்றது. தவிட்டின் கூரிய துகள்கள் இவ்வலையை அறுத்துவிடும். ஆதலால் தவிட்டு மாவின் ரொட்டி அழுத்தமாகவும், வெண்மாவின் ரொட்டி மெத்தென்றும் அமைகின்றன.

இன்று வீட்டில் ஒரு வெள்ளை ரொட்டி சுட விரும்புவோர்க்கு ஏறத்தாழ 500 கிராம் வெண்மாவும், 300 மில்லிலிட்டர் வெதுவெதுப்பான நீரோ பாலோ நீரோ கலந்த கலவையோ, 7 கிராம் உலர் ஈஸ்ட்டும், 10 கிராம் உப்பும், சிறிது சர்க்கரையும் வெண்ணெயும் போதும். பத்து நிமிடம் நன்றாகப் பிசைந்து, மாவு இருமடங்காகும் வரை மூடி வைத்தல் வேண்டும். நம் நாட்டு வெப்பத்தில் ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே அது பொங்கிவிடும். பின்னர் அதனை அமுக்கிக் காற்றை நீக்கி, உருட்டி, நீள்சதுரத் தகர அச்சிலிட்டு, மீண்டும் பொங்கவிட்டு, 200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அரை மணிக்கு மேலாகச் சுட்டெடுக்கலாம். அச்சின்மேல் மூடி இட்டுச் சுட்டால் நான்கு பக்கமும் சமமான ரொட்டி கிடைக்கும். இரு துண்டுகளுக்கிடையே உணவை வைத்து உண்பதற்கு ஏற்றது அதுவே.

அவ்வாறு உண்ணும் வழக்கத்துக்குப் பெயர் தந்தவர் ஜான் மொண்டேகு (1718-1792) என்னும் நான்காம் சாண்ட்விச் பிரபு ஆவார். வரலாற்றாசிரியர் எட்வர்ட் கிப்பன் 1762ஆம் ஆண்டிலேயே தம் நாட்குறிப்பில் 'சாண்ட்விச்' என்னும் சொல்லை ஆண்டுள்ளார். பின்னாளில் தொழிற்சாலைகள் இந்த ரொட்டியைத் தமதாக்கிக் கொண்டன. ஓட்டோ ரோவெடர் என்பார் அமைத்த பொறியால் துண்டு போட்ட ரொட்டி, 1928ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் அமெரிக்காவின் சில்லிக்கோத்தி நகரில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. ஆயினும் தொழிற்சாலை எட்டாத ஊர்களில் பெண்கள் தம் கைகளாலேயே ரொட்டி பிசைந்து வந்தனர். அத்தகைய ஊர்கள் நிறைந்த ஒரு தீவின் கதையை இனிக் காண்போம்.

நியூபவுண்ட்லாந்தின் அடுப்புகள்

நியூபவுண்ட்லாந்து, வட அமெரிக்காவின் கீழைக் கரையில் உள்ள பெருந்தீவு. இன்று அது கனடாவின் ஒரு பகுதி. 1949ஆம் ஆண்டு வரை தனி நாடாகவே இருந்தது. பாறை நிலமும் கடுங்குளிரும் உடைய அத்தீவில் கோதுமைப் பயிர் செழிப்பதில்லை. மக்கள் கடலை நம்பி, காட் மீனைப் பிடித்து உப்பிட்டு உலர்த்தி வாழ்ந்தனர். மீனை வணிகர் எடுத்துக் கொண்டு, அதற்கு ஈடாகக் கடனில் மாவும் தேயிலையும் வெல்லப்பாகும் கொடுத்தனர். குளிர்காலத்தில் கப்பற் போக்குவரத்து நின்றுவிடும் ஊர்களில், இலையுதிர் காலத்திலேயே மாவுப் பீப்பாய்களை வாங்கி அடுக்கிக் கொள்வர். ஆறு திங்கள் கெடாதிருக்க வேண்டுமாயின் அது வெண்மாவாகவே இருத்தல் வேண்டும் அன்றோ?

அத்தீவின் தாய்மார் இரவில் மாவைப் பிசைந்து, குளிர் தாக்காதபடி துணிகளாற் போர்த்தி அடுப்பருகே வைப்பர். விடியலில் பொங்கி நிற்கும் மாவை உருண்டைகளாக்கி, மூன்று உருண்டைகளை ஓர் அச்சில் நெருக்கி வைத்துச் சுடுவர். மிஞ்சிய மாவைக் கொழுப்பிற் பொரித்து வெல்லப்பாகுடன் காலையுணவாக உண்பர். நல்ல ரொட்டி சுடுபவள் என்னும் பெயர் அவர்களுக்கு ஒரு பெருமை. கைத்திறனிலோ உழைப்பிலோ அன்பிலோ அவர்களிடம் ஒரு குறையும் இல்லை.

ஆயினும் அவ்வில்லங்களில் ஒரு நோய் புகுந்தது. குளிர்காலத்தின் முடிவில் ஆடவர் பெண்டிர் இருபாலாரும் கால்கள் மரத்து, தசைகள் நலிந்து, நடக்க இயலாதவராயினர். சிலருக்கு உடல் வீங்கி இதயம் தளர்ந்தது. அதுவே பெரிபெரி. செயின்ட் ஆந்தணி என்னும் ஊரின் மருத்துவமனையில் பணியாற்றிய அறுவை மருத்துவர் ஜான் மேசன் லிட்டில், இந்நோய்க்கு வெள்ளை மாவே காரணம் என்று 1912ஆம் ஆண்டில் எழுதினார். அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று வியப்புக்குரியது. தவிடு நீக்காத முழுக்கோதுமை மாவை ஏற்றிச் சென்ற கப்பலொன்று 1910ஆம் ஆண்டில் அக்கரையில் தரைதட்டியது. கப்பலைக் காப்பதற்காக இறக்கப்பட்ட மாவை அவ்வட்டாரத்து மக்கள் உண்டனர். அதனையடுத்த ஓராண்டில் அங்கே பெரிபெரி தோன்றவில்லை.

மலாயாவில் கிடைத்த விடை

பெரிபெரியை வெள்ளை மாவோடு தொடர்புபடுத்தும் துணிவு லிட்டிலுக்கு எங்கிருந்து வந்தது? அதற்கு முந்திய சில ஆண்டுகளில் கீழை நாடுகளில், குறிப்பாக மலாயாவில், அரிசியைப் பற்றி நடந்த ஆய்வுகளே வழி காட்டின.

அக்காலத்து மலாயாவில் பெரிபெரி ஆயிரக்கணக்கானோரை வருத்தியது. ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர் பெருவாரியாக மடிந்தனர். அதே நாட்டில் உழைத்த தமிழ்த் தொழிலாளரிடம் அந்நோய் அரிதாகவே காணப்பட்டது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் லெனார்ட் பிராடன் இவ்வேறுபாட்டை ஆராய்ந்து 1907ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். சீனர் உண்டது ஆலையில் தீட்டிய வெண்ணிறப் பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. அதுவே வேறுபாடு.

கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் பிளெட்சர் என்னும் மருத்துவர் 1905ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு சோதனையைத் தொடங்கினார். நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தீட்டிய வெள்ளை அரிசியும் மற்றொன்றுக்குப் புழுங்கலரிசியும் ஓராண்டு வழங்கினார். வெள்ளை அரிசி உண்ட பிரிவில் பலர் பெரிபெரியுற்றனர்; இறந்தோரும் உளர். புழுங்கலரிசி உண்ட பிரிவில் அந்நோயால் எவரும் இறக்கவில்லை. தம்மீது சோதனை நடப்பதையே அறியாத அம்மனிதர்களின் உயிரை விலையாகக் கொடுத்துப் பெற்ற அறிவு இஃது என்பதை நாம் மறத்தல் ஆகாது. பின்னர், கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சார்ந்த ஹென்றி பிரேசரும் தாமஸ் ஸ்டாண்டனும் ஜாவானியத் தொழிலாளர் 300 பேரிடம் நடத்திய ஆய்வு இம்முடிவை 1909ஆம் ஆண்டில் உறுதிப்படுத்தியது.

நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகின்றது. பின்னர்த் தீட்டினாலும் அதிற் பெரும்பங்கு நீங்குவதில்லை. நம் முன்னோர் வைட்டமினை அறிந்து நெல்லைப் புழுக்கவில்லை. ஆயினும் அவர்தம் பழக்கம் கடல் கடந்து வந்த பிள்ளைகளின் உயிரைக் காத்தது.

காத்த பொருளின் பெயர் தயாமின், அதாவது வைட்டமின் பி1. அதனை 1926ஆம் ஆண்டில் ஜாவாத் தீவில் ஜான்சன், டோனாத் என்னும் இருவர் அரிசித் தவிட்டிலிருந்து படிகமாகப் பிரித்தெடுத்தனர். 1936ஆம் ஆண்டில் அதனைச் செயற்கை முறையில் ஆக்கிக் காட்டியவர் ராபர்ட் வில்லியம்ஸ். அமெரிக்கச் சமயப் பணியாளரின் மகனாக, அன்றைய சென்னை மாகாணத்தைச் சார்ந்த நெல்லூரில் 1886ஆம் ஆண்டில் பிறந்த அவர், 1910ஆம் ஆண்டில் மணிலாவில் தொடங்கிய முயற்சியை 26 ஆண்டுகள் கைவிடாது முடித்தார். அரிசியின் நோயை ஆராய்ந்து பெற்ற மருந்து ரொட்டிக்கும் மருந்தாகும் காலம் வந்தது.

பழுப்பு மாவு ஏன் தோற்றது?

மருந்து கையில் வருமுன்னரே நியூபவுண்ட்லாந்தில் மற்றொரு வழி முயலப்பட்டது. பிரிட்டனைச் சார்ந்த வாலஸ் எய்க்ராய்ட் என்னும் இளம் மருத்துவர் அங்குச் சென்று ஆராய்ந்து, வெண்மாவு ரொட்டியையும் தேநீரையும் நம்பி வாழ்ந்த மக்களின் பெரிபெரியைப் பற்றி 1930ஆம் ஆண்டில் எழுதினார். அப்போது உலகப் பொருளாதார மந்தம் அத்தீவைக் கடுமையாகத் தாக்கியிருந்தது. மீனுக்கு விலையில்லை. மக்களிற் பலர் அரசு வழங்கிய நாளொன்றுக்கு ஆறு காசு மதிப்புள்ள உதவிப் பொருளை நம்பி வாழ்ந்தனர். கடன்சுமை தாங்காத நாடு தன்னாட்சியை இழந்தது. 1934ஆம் ஆண்டு முதல் இலண்டன் நியமித்த ஆணையக்குழு ஆண்டது.

அவ்வாணையக்குழு நல்லெண்ணத்தோடு ஒரு செயல் செய்தது. உதவி பெறுவோர்க்கு வெண்மாவுக்குப் பதிலாகப் பழுப்பு மாவை வழங்கியது. அறிவியல் நோக்கில் இது சரியான செயலே. ஆனால் மக்கள் அதனை வெறுத்தனர். அதனைத் தமக்கு இழைக்கப்பட்ட அவமதிப்பாகவே எண்ணினர்.

இதனை அறியாமை என்று கூறிவிடுதல் எளிது. ஆனால் உண்மை அதனினும் ஆழமானது. மீன் விற்று வாழ்ந்தவன் வெள்ளை ரொட்டி உண்டான். உதவி பெற்றவனுக்கு மட்டும் பழுப்பு மாவு வந்தது. வீட்டில் சுடப்படும் ரொட்டியின் நிறமே அவ்வீட்டின் வறுமையை அண்டை அயலார்க்கு அறிவித்தது. பன்னூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் ஏழையைப் பிரித்துக் காட்டிய அதே நிறம், இப்போது அரசின் கையாலேயே மீண்டும் அவன் மேசைக்கு வந்தது. நல்ல உணவாயினும், ஏழைக்கு மட்டும் என்று அளந்து கொடுத்தால் அது தண்டனையாகவே தோன்றும்.

சட்டம் செய்த உதவி

பத்தாண்டுகள் கழிந்தன. அமெரிக்காவில் வில்லியம்ஸ் போன்றோரின் முயற்சியால் 1941ஆம் ஆண்டு முதல் வெண்மாவில் தயாமினும் நயாசினும் இரும்புச் சத்தும் சேர்க்கும் வழக்கம் பரவியது. 1943ஆம் ஆண்டில் போர்க்கால ஆணை அதனைக் கட்டாயமாக்கிற்று. பிரிட்டன் 1942ஆம் ஆண்டில் மணியின் 85 விழுக்காட்டை மாவாக்கும் 'தேசிய ரொட்டி'யைக் கொண்டு வந்தது. அது சாம்பல் நிறமாயிருந்ததைப் பலர் குறை கூறினர். எனினும் செல்வர்க்கும் வறியவர்க்கும் ஒரே ரொட்டி என்பதால் பொறுத்துக் கொண்டனர்.

நியூபவுண்ட்லாந்து 1944ஆம் ஆண்டில் சத்துச் சேர்த்த வெண்மாவைச் சட்டத்தின் மூலம் நடைமுறைப்படுத்தியது. இம்முறை எவருக்கும் தனி மாவு இல்லை. தீவுக்கு வந்த மாவு முழுவதும் ஒன்றே. தாய்மார் பழைய முறையிலேயே இரவில் பிசைந்து காலையிற் சுட்டனர். ரொட்டி வெண்மையாகவே இருந்தது, சுவையும் மாறவில்லை. மாறியது கண்ணுக்குத் தெரியாத ஒன்றே.

அதே 1944ஆம் ஆண்டில் மருத்துவர் குழுவொன்று மக்களின் உடல்நிலையை ஆராய்ந்து பதிவு செய்திருந்தது. 1948ஆம் ஆண்டில் மீண்டும் ஆராய்ந்தபோது, சத்துக் குறைவின் அடையாளங்கள் பெரிதும் குறைந்திருந்தன. போர்க்காலத்தில் அங்கு அமைந்த படைத்தளங்களால் வேலையும் வருவாயும் பெருகியமையும் இம்மாற்றத்துக்குத் துணை செய்திருக்கக் கூடும். எல்லாப் புகழையும் மாவுக்கே சூட்டுதல் முறையன்று. எனினும் மாவின் பங்கு சிறிதன்று.

இரண்டாம் ஆய்வில் பங்கு கொண்டோருள் அதே எய்க்ராய்டும் ஒருவர். இடைப்பட்ட காலத்தில் அவர் எங்கிருந்தார்? 1935 முதல் 1945 வரை நீலகிரியின் குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடத்தின் இயக்குநராக விளங்கி, தீட்டிய அரிசியையும் புழுங்கலரிசியையும் பற்றி ஆராய்ந்து வந்தார். தீட்டிய பச்சரிசி உண்ட ஆந்திரக் கரையோர மாவட்டங்களில் பெரிபெரி நிலவியதையும், புழுங்கலரிசி வழங்கிய பகுதிகள் தப்பியதையும் அக்கூடத்து ஆய்வுகள் எடுத்துக் காட்டின. ரொட்டியின் நோயைக் கண்டவர் சோற்றின் நோயைக் கற்றுத் திரும்பி, ரொட்டியின் நலத்தைக் கண்டார் எனலாம்.

முடிவுரை

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? வீட்டில் செய்த உணவு எல்லாம் நல்லது, ஆலையில் செய்தது எல்லாம் தீயது என்று நாம் எளிதாகப் பேசிவிடுகிறோம். நியூபவுண்ட்லாந்தின் ரொட்டி வீட்டிலேதான் சுடப்பட்டது. தாயின் கையாலேதான் பிசையப்பட்டது. ஆலையிலே பறிபோன சத்தை அடுப்படியிலே எவ்வளவு அன்போடு பிசைந்தாலும் மீட்க முடியவில்லை. நோயுற்ற வீட்டின் பெண்ணைக் குறை கூறுதல் எத்துணைப் பெரிய அநீதி என்பதை இங்கு உணர்கின்றோம். தவறு நிகழ்ந்த இடத்திலேயே அதனைத் திருத்துதல் வேண்டும். அது மாவு ஆலையாயின் ஆலையில், சட்டமாயின் சட்டத்தில்.

திருத்தும்போதும் மனிதரின் மானத்தைக் காத்தல் வேண்டும். 1934ஆம் ஆண்டின் ஆணையக்குழுவிடமும் அறிவு இருந்தது. 1944ஆம் ஆண்டினரிடமும் அறிவு இருந்தது. முன்னவர் ஏழையைத் தனியே நிறுத்தி உதவினர். பின்னவர் எல்லாரையும் ஒருங்கே வைத்து உதவினர். பின்னவர் வென்றனர். மாணவர்க்கு இலவச உணவோ, நூலோ, உடையோ வழங்கும் பொறுப்பிலுள்ள ஆசிரியர்கள் இவ்வேறுபாட்டை எண்ணிப் பார்த்தல் நன்று.

இனி ஒருநாள் நம் வீட்டில் ரொட்டி சுடும் மணம் எழுந்தால், மாவுப் பையின் மேல் சிற்றெழுத்தில் அச்சிட்டிருக்கும் சத்துகளின் பெயரைப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்வோம். அதில் தயாமின் என்னும் சொல் இருப்பின், அச்சொல்லுக்குப் பின்னால் கோலாலம்பூர் மருத்துவமனையின் பெயரறியா நோயாளரும், புழுங்கற்சோறு உண்டு உழைத்த நம் மூதாதையரும், கடுங்குளிரில் மாவைப் போர்த்தி வைத்துக் காத்திருந்த தாய்மாரும் நிற்கின்றனர் என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்வோம்.